சார்ட்டர் பள்ளியா, மாவட்டப் பள்ளியா: பென்சில்வேனியாவில் மீத்திறன் குழந்தைக்குக் கடமைப்பட்டவர் யார்?

பென்சில்வேனியாவின் எக்ஸ்டன் பகுதியிலோ பிட்ஸ்பர்க்கின் புறநகரிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், ஆறு வயதுக் குழந்தை மூன்றாம் வகுப்புக் கணக்கைத் தானாகவே போடத் தொடங்கிவிட்டால், அடுத்த சில மாதங்களுக்கு வீட்டுப் பேச்சு ஒரே கேள்வியைச் சுற்றி வரும். வீட்டு முகவரிக்கு உரிய பள்ளியிலேயே குழந்தையை விடுவதா, பக்கத்து ஊரில் நல்ல பெயர் வாங்கியிருக்கும் சார்ட்டர் பள்ளிக்கு மாற்றுவதா? வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடம் இதைக் கேட்டால், "கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சார்ட்டர்தான் சரி" என்ற விடையே பெரும்பாலும் வரும். இந்த விடை பென்சில்வேனியாவின் சட்ட நிலைக்கு ஏறத்தாழ நேர்மாறானது. சார்ட்டர் பள்ளிகள் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. மீத்திறன் (gifted) குழந்தையை, அதாவது வயதுக்கு மிஞ்சிய அறிவுத்திறன் கொண்ட குழந்தையைப் பொறுத்தவரை இரண்டு பள்ளிகளின் கடமைகளும் வேறு வேறு என்பதை அறியாமலேயே பலர் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருப்பவை பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். அமெரிக்காவில் அந்தச் சொல் வரிப்பணத்தில் நடக்கும் கட்டணமில்லாப் பள்ளியைக் குறிக்கும். சார்ட்டர் பள்ளியும் அத்தகைய பொதுப் பள்ளியே. வழக்கமான பள்ளியை உள்ளூர் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளாட்சி அமைப்பின்) தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் நடத்துகிறது. சார்ட்டர் பள்ளியை ஒரு தனி அறங்காவலர் குழு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் ஓர் ஒப்பந்தத்தின் கீழ் நடத்துகிறது. ஒப்பந்தத்தில் சொன்ன விளைவுகளைக் காட்டாத பள்ளியின் அனுமதியைப் புதுப்பிக்காமல் விடலாம். அந்தப் பொறுப்புக்கு ஈடாக, மற்றப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் பலவற்றிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. 1991-இல் மினசோட்டா இயற்றிய சட்டம்தான் இந்த ஏற்பாட்டின் தொடக்கம். பென்சில்வேனியா 1997-இல் தன் சட்டத்தை இயற்றியது. மாணவர் எந்தப் பள்ளி மாவட்டத்தில் குடியிருக்கிறாரோ அந்த மாவட்டமே அவருக்கான தொகையைச் சார்ட்டர் பள்ளிக்குச் செலுத்துகிறது. மாநிலத்தில் உள்ள 500 பள்ளி மாவட்டங்களுக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இந்தப் பணத்தைப் பற்றியதுதான்.

சார்ட்டர் பள்ளி திறமை பார்த்துப் பொறுக்கி எடுக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் அது ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் சார்ட்டர் பள்ளி குலுக்கல் முறையில்தான் சேர்க்க வேண்டும். பள்ளி இருக்கும் மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும்; ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் உடன்பிறந்தவர்களுக்கும் முன்னுரிமை தரலாம். கணிதம், அறிவியல், கலை போன்ற துறைகளில் தனிக் கவனம் செலுத்தும் பள்ளிகள் அதற்கேற்ற வரம்புகளை வைத்துக்கொள்ளவும் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. பொதுவாக, குழந்தையின் அறிவுத்திறனையோ தேர்வு மதிப்பெண்ணையோ காட்டி இடம் மறுக்க முடியாது. ஆகவே உங்கள் குழந்தை சார்ட்டர் பள்ளியின் வகுப்பறையில் உட்காரும்போது, பக்கத்து இருக்கையில் இருப்பதும் குலுக்கலில் வந்த குழந்தைதான். திறமையை அளந்து சேர்க்கும் பள்ளிகள் வேண்டுமென்றால் அவை பள்ளி மாவட்டங்களிடமே இருக்கின்றன. ஃபிலடெல்ஃபியாவில் 1836-இல் நிறுவப்பட்ட சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியும், ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கும் மாஸ்டர்மன் பள்ளியும் தகுதி பார்த்துச் சேர்ப்பவை. இரண்டும் நகரின் பள்ளி மாவட்டத்துக்குச் சொந்தமானவை. அங்கும் 2021 முதல் தகுதி பெற்றவர்களுக்குள் குலுக்கல் வந்துவிட்டது என்பது வேறு கதை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு 'சேப்டர் 16' என்று பெற்றோர்களும் ஆசிரியர்களும் ஒரே குரலில் அழைக்கும், மீத்திறன் கல்விக்கான மாநில விதித்தொகுப்பில் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சிறப்புக் கல்வியை உரிமையாக்கியது. மீத்திறன் குழந்தைகளுக்கு அப்படி எதையும் தரவில்லை. 1988-இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆய்வுகளுக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் நிதி கொடுப்பதோடு நின்றுவிட்டது. எனவே ஒவ்வொரு மாநிலமும் தன் வழியே போகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நியூஜெர்சியின் விதிகளைப் பற்றி நண்பர் சொன்னது இங்கே செல்லாது. பென்சில்வேனியா இதில் கண்டிப்பான மாநிலங்களில் ஒன்று. பள்ளி மாவட்டம் மீத்திறன் குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற பள்ளி உளவியலாளரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். தேறிய ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுத வேண்டும். இந்தத் திட்டத்தைத்தான் ஜி.ஐ.இ.பி. என்கிறார்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் விதி சொல்கிறது. குழந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஓராண்டில் எங்கே போய்ச் சேர வேண்டும், இடையில் எட்ட வேண்டிய சிறு இலக்குகள் எவை, அதற்காகக் கற்பித்தலில் என்ன மாற்றம் செய்யப்படும், அது எந்தத் தேதியில் தொடங்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஒரு மீத்திறன் ஆசிரியரின் பொறுப்பில் இருக்கக்கூடிய மாணவர்களின் எண்ணிக்கைக்கு 65 என்ற உச்சவரம்பும் உண்டு. பள்ளி சொல்வதைப் பெற்றோர் ஏற்கவில்லை என்றால் சமரசப் பேச்சுக்குப் போகலாம், சார்பற்ற விசாரணை அதிகாரி முன் முறையிடலாம்.

சார்ட்டர் பள்ளிகளை சேப்டர் 16 கட்டுப்படுத்தாது. சார்ட்டர் சட்டம், தான் பெயர் சொல்லிக் குறிப்பிடும் விதிகளைத் தவிர மற்றவற்றிலிருந்து அந்தப் பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கிறது. குறிப்பிட்ட விதிகளின் பட்டியலில் மீத்திறன் கல்வி இல்லை. இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இதே நிலைதான். நடைமுறையில் இதன் பொருள், மாவட்டப் பள்ளியில் உங்கள் குழந்தைக்கு ஜி.ஐ.இ.பி. இருந்து, நீங்கள் சார்ட்டர் பள்ளிக்கு மாற்றினால், புதிய பள்ளி அதை நடைமுறைப்படுத்தக் கடமைப்பட்டதில்லை. நல்லெண்ணத்தால் செய்யலாம், சில பள்ளிகள் மனமுவந்து செய்கின்றன. செய்யாவிட்டால் நீங்கள் முறையிட அலுவலகம் எதுவும் இல்லை. சேர்க்கைக்கு முன் பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது இந்த ஒரு செய்தியை யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை. கேட்டால்தான் தெரியும்; கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கேட்கவும் முடியும்.

அதற்காக, சட்டம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மாவட்டப் பள்ளியில் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. மாநிலம் மீத்திறன் கல்வியைக் கட்டாயமாக்கியதே தவிர, அதற்கென்று தனி நிதி ஒதுக்குவதில்லை. செலவைப் பெரும்பாலும் உள்ளூர் வரியிலிருந்துதான் மாவட்டம் சமாளிக்க வேண்டும். வீட்டு வரி வளமாக வரும் புறநகர் மாவட்டத்துக்கும், தொழிற்சாலைகள் மூடப்பட்டுப்போன சிற்றூர் மாவட்டத்துக்கும் இடையே வேறுபாடு தோன்றுவது இங்கேதான். மேலும், 1988-இல் சென்டெனியல் பள்ளி மாவட்டம் தொடர்பான வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஓர் எல்லைக்கோடு போட்டது. மீத்திறன் குழந்தைக்குத் தனிப்பட்ட கற்பித்தல் தர வேண்டியது கடமைதான்; ஆனால் மாவட்டம் ஏற்கெனவே நடத்திவரும் பாடங்களுக்கு அப்பால் போய்த் தனி ஆசிரியர் வைத்தோ கல்லூரி அளவில் புதிய பாடம் உருவாக்கியோ தர வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நான்காம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்புக் கணக்குக்குத் தயாராக இருந்தால், ஆறாம் வகுப்புக் கணக்கு அந்த மாவட்டத்தில் ஏற்கெனவே நடக்கிறது, ஆகவே கேட்கலாம். பத்து வயதில் நுண்கணிதம் முடித்துவிட்ட பிள்ளைக்கு அடுத்தது என்ன என்று கேட்டால், மாவட்டத்தின் கடமை அங்கே நின்றுவிடுகிறது.

இந்தப் பணத் தட்டுப்பாட்டின் விளைவாகவே, பல மாவட்டங்களில் மீத்திறன் கல்வி என்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துப்போய்ப் புதிர்களும் செயல்திட்டங்களும் கொடுப்பதாகச் சுருங்கிவிட்டது. 'புல்-அவுட்' என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். தம்மைப் போன்றவர்களோடு இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு உண்மையான மதிப்பும் உண்டு. ஆனால் கணக்கில் இரண்டு ஆண்டு முன்னால் நிற்கும் பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் முன்னால் நிற்பதில்லை. மற்ற நாட்களில் தெரிந்ததையே மறுபடி செய்துகொண்டிருப்பதுதான் அந்தப் பிள்ளையின் உண்மையான சிக்கல். சேப்டர் 16 சொல்வது, குழந்தைக்கு உரிய கற்பித்தல் நாள்தோறும் அதன் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பதே. ஆகவே ஜி.ஐ.இ.பி. கூட்டத்தில் 'செறிவூட்டல்' என்ற பொதுச் சொல்லோடு ஒரு தாளை நீட்டினால், எந்தப் பாடத்தில், எந்த வகுப்பின் பாடநூலில், வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது பெற்றோரின் வேலை. இதைக் கேட்கும்போது நம்மவர்களுக்குக் கூச்சம் வருகிறது. ஆசிரியரை எதிர்த்துப் பேசுவதாக நினைக்கிறோம். அந்தக் கூட்டத்தில் பெற்றோரும் ஓர் உறுப்பினர் என்றுதான் விதி சொல்கிறது.

பாடத்தில் முன்னேற்றுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிகள் மிகவும் தயங்குவது இதில்தான். ஒரு பாடத்தில் மட்டும் மேல் வகுப்புக்கு அனுப்புவது, ஒரு வகுப்பையே தாண்டவைப்பது, பள்ளியில் முன்கூட்டியே சேர்ப்பது ஆகியவை குழந்தையின் மனநலத்தைக் கெடுக்கும் என்ற பயம் ஆசிரியர்களிடையே பரவலாக இருக்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் இது குறித்த பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2004-இலும் மறுபடி 2015-இலும் விரிவான அறிக்கைகளை வெளியிட்டது. கவனமாகத் தேர்ந்து முன்னேற்றப்பட்ட பிள்ளைகள் படிப்பில் தெளிவான பயன் அடைகிறார்கள். சமூக, உணர்வு வளர்ச்சியில் அஞ்சியபடி பாதிப்பு ஏற்படுவதில்லை என்பதே அவற்றின் முடிவு. இந்தத் துறையில் இவ்வளவு ஒருமுகமான சான்று வேறு எதற்கும் கிடைப்பது அரிது. எனவே நான் எந்தப் பள்ளியைப் பார்க்கப் போனாலும் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, "சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் தம் வகுப்புக்கு மேலான கணக்கு வகுப்பில் உட்கார்ந்தார்கள்?" என்பதுதான். கொள்கை என்ன என்று கேட்டால் அழகான பதில் கிடைக்கும். எண்ணிக்கையைக் கேட்டால் உண்மை கிடைக்கும்.

சார்ட்டர் பள்ளியின் பலம் இந்தக் கேள்வியில்தான் வெளிப்படக்கூடும். பள்ளி சிறியது, கால அட்டவணையை மாற்ற மாவட்ட அலுவலகத்தைக் கேட்க வேண்டியதில்லை, முதல்வர் ஒப்புக்கொண்டால் அடுத்த வாரமே பிள்ளை மேல் வகுப்புக்குப் போய்விடலாம். எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் கணக்குப் படிக்கும்படி அட்டவணை அமைத்து, வயதைப் பாராமல் நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரிக்கும் பள்ளிக்கு ஜி.ஐ.இ.பி. என்ற தாளே தேவைப்படாமல் போகலாம். வேறு மாநிலங்களில் இன்னும் துணிந்த வடிவங்களும் உண்டு. 1998-இல் அரிசோனாவின் டூசான் நகரில் தொடங்கிய பேசிஸ் பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையுமே பாடத்திட்டத்தில் வேகமாகக் கொண்டுபோகின்றன. ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் உள்ள மென்லோ பார்க் அகாடமி மீத்திறன் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் சார்ட்டர் பள்ளி. ஆனால் எல்லோருக்கும் வேகம் கூட்டுவதும், ஒரு குழந்தைக்கு அதன் தேவைக்கேற்பக் கொடுப்பதும் ஒன்றாகிவிடாது. வேகமும் வீட்டுப்பாடமும் மட்டும் கூடிய பள்ளியில், ஆழமாக யோசித்து மெதுவாக எழுதும் மீத்திறன் குழந்தை திணறிப்போகும். பென்சில்வேனியச் சார்ட்டர் பள்ளிகளில் ஆசிரியர்களில் 75 விழுக்காட்டினர் சான்றிதழ் பெற்றிருந்தால் போதும் என்பதையும், முதல்வர் மாறினால் ஏற்பாடும் மாறக்கூடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மீத்திறனோடு கற்றல் குறைபாடோ, கவனக் குறைபாடோ, ஆட்டிசமோ சேர்ந்திருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு நிலைமை சற்றுச் சிக்கலானது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் சார்ட்டர் பள்ளிகளையும் முழுமையாகக் கட்டுப்படுத்தும். ஆக, அந்தக் குழந்தை சார்ட்டர் பள்ளிக்குப் போனால் வாசிப்புக் குறைபாட்டுக்கான உதவி உரிமையாகவே தொடரும், கணக்கில் முன்னேறுவதற்கான ஏற்பாடு மட்டும் உரிமை என்ற தகுதியை இழந்துவிடும். மாவட்டப் பள்ளியிலோ இரண்டையும் ஒரே திட்டத்தில் எழுத வேண்டும். குறையை மட்டும் கவனித்து நிறையை மறந்துபோகும் பள்ளிகளால் மனம் சோர்ந்த பிள்ளைகள் பலர். இந்தக் குழந்தைகளுக்கு மாவட்டப் பள்ளியைக் கைவிடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு உரிய செய்தி ஒன்றும் விதியிலேயே இருக்கிறது. ஐ.க்யூ. 130 என்பது பலரும் அறிந்த வரம்பு. ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே வந்தாலும், வேறு சான்றுகள் வலுவாக இருந்தால் குழந்தையை மீத்திறன் உடையதாக ஏற்கலாம். வகுப்பை விட ஓராண்டோ அதற்கு மேலோ முன்னேறிய பாட அடைவு, புதியதைக் கற்றுக்கொள்ளும் வேகம், சிறு வயதிலேயே தென்பட்ட திறன்கள் ஆகியவற்றோடு, ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பது போன்ற காரணங்கள் திறமையை மறைக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்கிறது விதி. பாலர் வகுப்பு வரை தமிழிலேயே வளர்ந்த குழந்தை ஆங்கிலச் சொற்களைக் கேட்கும் பகுதியில் குறைந்த மதிப்பெண் எடுத்து, வடிவங்களையும் ஒழுங்குகளையும் கண்டுபிடிக்கும் பகுதியில் உயர்ந்த மதிப்பெண் எடுத்திருந்தால், மொத்த மதிப்பெண்ணை மட்டும் காட்டி முடித்துவிட விடக் கூடாது.

பெற்றோரின் கோரிக்கையோ ஆசிரியரின் பரிந்துரையோ இல்லாமல் எல்லாக் குழந்தைகளையும் சோதித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவின் பிரவர்டு மாவட்டம் எடுத்துக்காட்டு. 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதிக்கத் தொடங்கியதும், ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளும் முன்பைவிட மிகுதியாக மீத்திறன் பட்டியலில் இடம்பெற்றார்கள். அவர்கள் புதிதாகத் திறமை பெற்றுவிடவில்லை. அதுவரை யாரும் பார்க்கவில்லை. உங்கள் மாவட்டம் எல்லோரையும் சோதிக்கிறதா, பரிந்துரைக்காகக் காத்திருக்கிறதா என்பது ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரீடோ மையம் 2023-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வில், சார்ட்டர் மாணவர்கள், வழக்கமான பொதுப் பள்ளிகளில் படிக்கும் ஒத்த மாணவர்களைவிட, ஒட்டுமொத்தமாக ஓராண்டில் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் அளவுக்குக் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். இணையவழிச் சார்ட்டர் மாணவர்களோ வாசிப்பில் 58 நாளும் கணிதத்தில் 124 நாளும் பின்தங்கியிருந்தார்கள். தன் வேகத்தில் தானே படிக்கும் குழந்தைக்கு அது பொருந்திவரும் விதிவிலக்குகள் இருக்கலாம். மேலும் இவை எல்லா மாணவர்களையும் சேர்த்துப் பார்த்த சராசரிகள். மேல்மட்டத்தில் இருக்கும் ஒரு குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை இவை சொல்லமாட்டா. அதற்கு, பி.வி.ஏ.ஏ.எஸ். என்ற பெயரில் மாநிலம் கணக்கிடும் வளர்ச்சி அளவீடு உதவும். ஒரு பள்ளியில் எத்தனை விழுக்காடு பிள்ளைகள் தேறினார்கள் என்பது அந்த ஊரின் வருமானத்தைக் காட்டும். பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதே பள்ளியின் உழைப்பைக் காட்டும். சென்ற ஆண்டே உயர்ந்த மதிப்பெண் எடுத்திருந்த பிள்ளைகளின் வளர்ச்சி எப்படி இருந்தது என்று இரண்டு பள்ளிகளின் முதல்வர்களிடமும் கேட்கலாம். மேல்மட்டப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நிற்கும் பள்ளி, ஊரில் எவ்வளவு பெயர் வாங்கியிருந்தாலும், உங்கள் குழந்தைக்கு ஏற்றதாகாது.

இவ்வளவையும் பார்த்தபின் நான் சொல்லக்கூடியது, முடிவை விட முதலில் வரிசையைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்பதே. மதிப்பீட்டைக் கேட்கும் உரிமை மாவட்டப் பள்ளியில் இருக்கும்போதுதான் வலுவாக இருக்கிறது. சார்ட்டர் பள்ளிக்குப் போன பின் அதைக் கேட்டால் செய்தாக வேண்டிய கடமை அங்கே யாருக்கும் இல்லை. ஆகவே செப்டம்பர் தொடக்கத்தில், பள்ளி திறந்தவுடன், மீத்திறன் மதிப்பீடு வேண்டும் என்று முதல்வருக்குத் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். வாயால் கேட்டால்கூட 10 நாளுக்குள் ஒப்புதல் படிவம் தர வேண்டும் என்பது விதி. நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீட்டு அறிக்கை வர வேண்டும். கோடை விடுமுறை இந்தக் கணக்கில் சேராது என்பதால்தான் செப்டம்பரிலேயே தொடங்கச் சொல்கிறேன். அறிக்கை வந்து 30 நாளுக்குள் ஜி.ஐ.இ.பி. கூட்டம், அதில் நீங்கள் ஒப்பமிட்ட பிறகு 10 பள்ளி நாளுக்குள் நடைமுறை. எல்லாம் உரிய காலத்தில் நடந்தால், ஜனவரியில் உங்கள் குழந்தை புதிய ஏற்பாட்டின் கீழ் உட்கார்ந்திருக்கும்.

சார்ட்டர் பள்ளிகளின் குலுக்கல்கள் பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் நடக்கின்றன. விண்ணப்பம் போட்டு வைப்பதற்குச் செலவில்லை, இடம் கிடைத்தால் மறுக்கவும் செய்யலாம். குலுக்கல் முடிவு வரும் நேரத்தில், மாவட்டப் பள்ளி எழுத்தில் தந்த வாக்கை எப்படி நிறைவேற்றுகிறது என்பதை நீங்கள் சில வாரங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். குழந்தை மாலையில் வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறது என்பதையும் கேட்டிருப்பீர்கள். அப்போது பள்ளி உளவியலாளரின் அறிக்கையை எடுத்துக்கொண்டு சார்ட்டர் பள்ளி முதல்வரைப் பார்க்கப் போங்கள். இந்தப் பிள்ளைக்கு வரும் ஆகஸ்டில் கணக்கு எந்த அறையில், யாரோடு என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாவட்டப் பள்ளியில் உங்கள் முகவரிக்குரிய இடம் எப்போதும் உங்களுக்காக இருக்கும். சார்ட்டர் பள்ளியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டால் மறுபடியும் குலுக்கல்தான்.